பாடசாலை வாசலோடு முடியும் ஆட்டம்

1990களின் நடுப்பகுதியில் ஒருநாள், பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் விளையாட்டுக் கழக அறையில் அமர்ந்திருந்தேன். சுவர் முழுவதும் அணிப் படங்கள். அலுமாரி நிறையக் கிண்ணங்கள். ஒரு படத்திலேனும் பெண்பிள்ளை இல்லை. காரணம் கேட்டேன். "அவங்க ஸ்கூல்ல விளையாடுறாங்கதானே, சேர்" என்றார் செயலாளர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னர், கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக ஏறும் வாய்ப்பு தோட்டத்துச் சிறுமிக்கும் கிட்டியது. ஆயினும் அந்த ஏணி க.பொ.த. பரீட்சையோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அவளைத் தாங்க வேண்டியது கழகமே.

கழகங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். கொழும்பில் வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் வலைப்பந்து அணிகளை நடத்துகின்றன. வேலையும் விளையாட்டும் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் அவ்வாறு வங்கி அணியில் ஆடியவர். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் இடம்பெற்றவர். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகங்கள் மற்றொரு வகை. அவற்றில் பெண்களுக்கும் இடமுண்டு. எனினும் நான் கண்டவற்றுட் பல, ஆண்டு விளையாட்டு விழா நெருங்கும்போது விழித்து, முடிந்ததும் உறங்கிவிட்டன.

மூன்றாவது, தோட்டக் கழகம். தோட்டமும் ஒரு தொழில் நிறுவனந்தான். கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் அவர்களுக்கு 1984இல்தான் கிடைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் சென்றன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. நிர்வாகங்கள் மாறியபோதும், நான் அறிந்த தோட்டங்களில் மைதானம் ஆண்களின் கையிலேயே இருந்தது.

இடமில்லை என்பது அங்கெல்லாம் நான் கேட்ட சமாதானம். மலைச்சரிவில் சமதரை அரிது என்பது உண்மையே. ஆனால் வலைப்பந்துக்கு வேண்டியது சுமார் முப்பது மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் கொண்ட தரை, அணிக்கு எழுவர், ஒரு பந்து, இரண்டு கம்பங்கள். கிரிக்கெட்டுக்கான செலவில் இது சிறு பங்கு.

உண்மையான தடை வேறு. தாய் மலையிலிருந்து திரும்பும்வரை தம்பி தங்கையரைப் பார்ப்பவள் மூத்த மகள். மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்கினால், இருட்டில் லயத்துக்கு யார் அழைத்துச் செல்வது? நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்திருந்தால் இக்கேள்வி முதற் கூட்டத்திலேயே எழுந்திருக்கும்.

ஆகவே கழகத்தின் தரத்தைக் கிண்ணங்களால் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதினாறு வயதில் ஓடியவள் இருபது வயதிலும் ஓடுகிறாளா என்பதே என் அளவுகோல்.

வெளிநாடுகளில் வாழும் மலையக அன்பர்கள் பலர் ஊர்க் கழகங்களுக்குப் பணம் அனுப்புகின்றனர். அடுத்த முறை அனுப்புமுன் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் எந்த நாள் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு?