பெயர் தொலைந்த இரவு: மாயாபந்தர்க் கரேன் குடும்பங்களும் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும்

அந்தமான் குடும்ப வரலாறுகளை ஆராய்வோரிடையே ஒரு கருத்து ஏறக்குறையக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிலைத்துவிட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. 1945 அக்டோபரில் பிரிட்டிஷ் நிர்வாகம் திரும்புவதற்குள் அலுவலக ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ஆகவே அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே உறுதியான தரை அச்சான மக்கள்தொகை அறிக்கைகள், குறிப்பாக 1931ஆம் ஆண்டு அறிக்கை. மற்றதெல்லாம் வாய்மொழி என்பது அந்தக் கருத்து. மாயாபந்தர்க் கரேன் மக்களைப் பற்றிய எழுத்துகளில் பலவும் இந்தத் தரையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. தரை அவ்வளவு எடையைத் தாங்காது என்பதையும், அழிந்ததாகக் கைவிடப்பட்ட தாள்களில் கணிசமானவை போர்ட் பிளேரிலேயே இருந்தவை அல்ல என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

கரேன்கள் வந்த கதை துறைக்குத் தெரிந்ததே. 1919-20ஆம் ஆண்டுச் சிறைக் குழு தண்டனைக் குடியேற்றத்தை முடித்துவிடப் பரிந்துரைத்தபின், கைதிகளின் உழைப்பை நம்பியிருந்த வனத்துறைக்கு ஆள் தேவைப்பட்டது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த எச். ஐ. மார்ஷல் பர்மாவில் எடுத்த முயற்சியால் 1925இல் முதல் குடும்பங்கள் வந்து மாயாபந்தருக்கு அருகே வேபி ஊரை அமைத்தன. இன்று கர்மாடாங், தேவ்பூர், லட்டாவ் போன்ற ஊர்களிலும் அவர்கள் பரவியிருக்கிறார்கள். அவர்கள் கைதிகளும் அல்லர், கைதிகளின் பிள்ளைகளும் அல்லர். தண்டனைத் தீவுக்குத் தண்டனை இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள்.

வந்து ஆறாண்டுக்குள் அவர்கள் எண்ணப்பட்டார்கள். எண்ணியது யார் என்பதைக் கவனித்தாக வேண்டும். 1931இல் அந்தமான் நிக்கோபார் கணக்கெடுப்புக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் எம். சி. சி. போனிங்டன். அவர்தான் தீவுகளின் தலைமை வன அதிகாரி. அதாவது, கரேன்களுக்கு வேலை கொடுத்த துறையின் தலைவரே அவர்களின் தலைகளையும் எண்ணினார். (பின்னாளில் இமயச் சிகரங்களில் பெயர் பெற்ற மலையேறி கிறிஸ் போனிங்டனின் தாத்தா அவர். எண்ணியவரின் வம்சம் புத்தகங்களில் கிடைக்கிறது. எண்ணப்பட்டவர்களின் வம்சத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.) இதனால் அறிக்கை பொய்யாகிவிடாது. காட்டு முகாம்களை அவரளவு அறிந்தவர் அன்று எவரும் இல்லை என்றே கருதலாம். ஆனால் ஒரு வன அதிகாரியின் கண்ணில் மரம் வெட்டும் ஆளும் யானை நடத்தும் ஆளும் முதலில் தெரிவார்கள். அந்த ஆளுக்குப் பின்னாலிருக்கும் குடும்பம் பிறகுதான் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அட்டவணைகளிலேயே இருக்கிறது. அவை குடும்பங்களை அடுக்குவதில்லை. பிறந்த இடம், மொழி, மதம், தொழில் என்று ஒரே ஆளைப் பல பெட்டிகளில் தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொரு பெட்டியின் கூட்டுத்தொகையை மட்டும் தருகின்றன. முந்தைய ஆய்வுகள் கரேன் சமூகத்தின் அளவை மதிப்பிடப் பிறந்த இடத்தையே பெரிதும் நம்பின. அங்குதான் இடறல்.

வேபியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் 1925இல் கப்பல் ஏறியவர்கள். மூத்த மகள் பர்மாவில் பிறந்தவள். இளைய மகன் வேபியில் பிறந்தவன். 1931இன் பிறப்பிட அட்டவணையில் மூவர் பர்மா வரிசைக்குப் போகிறார்கள். இளையவன் அந்தமானில் பிறந்தோர் வரிசைக்குப் போகிறான். அந்த வரிசையில் அவனுக்குத் துணை யார்? போர்ட் பிளேரைச் சுற்றிய ஊர்களில் கைதிப் பெற்றோருக்குப் பிறந்த ‘லோக்கல் பார்ன்’ பிள்ளைகள், வேறு குடியேறிகளின் பிள்ளைகள், சிப்பாய்களின் பிள்ளைகள். பர்மா வரிசையிலோ அவன் பெற்றோருக்குப் பக்கத்தில் மண்டலே, மௌல்மேன் நீதிமன்றங்கள் அனுப்பிய பர்மியக் கைதிகளும், விடுதலை பெற்றுத் தங்கிவிட்டவர்களும் நிற்கிறார்கள். 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்ததால் அயல்நாட்டார் என்ற தனிப் பெட்டியும் அவர்களுக்கு இல்லை. ஆக, தீவில் பிள்ளை பிறந்த ஒவ்வொரு கரேன் குடும்பத்தையும் அட்டவணை சரியாகப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் வெட்டுகிறது. வம்சவழி ஆராய்ச்சிக்கு வேண்டிய ஒரே இணைப்பு அதுதான்.

மதம் என்ற அட்டவணை கைகொடுக்காதா? கரேன்கள் பாப்டிஸ்டுகள், பர்மியக் கைதிகள் பெரும்பாலும் பௌத்தர்கள். எனவே கிறிஸ்தவர் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்தெடுக்கலாம் என்று சொல்லப்படுவதுண்டு. 1918 முதல் வனத்துறை ராஞ்சிப் பகுதியிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபை வழியாகவும் ஆதிவாசித் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஓர் இரவுக் கணக்கு என்பது அடுத்த தடை. 1931 பிப்ரவரி 26 இரவு யார் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணப்பட்டார் என்பதே இந்தியா முழுதுக்குமான விதி. மரம் வெட்டும் பருவத்தில் காட்டு முகாமில் தங்கியிருந்த கணவன் முகாமின் கணக்கில் சேர்ந்தான்; வேபியில் இருந்த மனைவி ஊரின் கணக்கில் சேர்ந்தாள். ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தோரை ஒரு கூரையின் கீழ் காட்ட அந்த ஏற்பாடு வகுக்கப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பெயர்கள் எங்கே? கணக்கெடுப்போர் ஏட்டில் பெயர் எழுதினார்கள். ஏட்டிலிருந்த விவரங்கள் பிரித்தெண்ணுவதற்காகச் சீட்டுகளுக்கு மாறின, சீட்டுகள் அட்டவணைகளாக மாறின, அத்துடன் தாள்களின் பணி முடிந்தது. சுதந்திரத்துக்குப் பின் நிலை இன்னும் இறுகியது. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அந்தப் பதிவேடுகளை எவரும் பார்வையிட உரிமையில்லை. உரிமையியல் வழக்கில் அவை சான்றாகவும் ஏற்கப்படுவதில்லை. குடிமகனின் அந்தரங்கத்துக்கு அது நல்ல காவல். வம்சவழி தேடுபவருக்கு அது பூட்டிய கதவு.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே 1790இலேயே குடும்பத் தலைவர்களின் பெயர்கள் பதிவாயின. 1850 முதல் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரும் பெயரோடு எழுதப்பட்டார். 72 ஆண்டுகள் கழிந்தபின் அந்த ஏடுகள் எவருக்கும் திறந்துவிடப்படுகின்றன. பெயர் மறுக்கப்பட்டவர்கள் அடிமைகள். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். கறுப்பினக் குடும்பங்கள் 1870க்கு முன்னால் செல்ல முயலும்போது கணக்கெடுப்பை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குள் நுழைய நேர்வது இதனால்தான். எசமானரின் உயில், பாகப்பிரிவினை வழக்கு, சொத்துப் பட்டியல் ஆகியவற்றில் அடிமை ஒரு பொருளாகக் குறிக்கப்படுகிறார். பொருளாகக் குறிக்கப்படும்போதுதான் அவருக்குப் பெயரும் வருகிறது.

அந்தமானில் பெயர் பெற்றவர்கள் தண்டிக்கப்பட்டவர்கள். தீவாந்தர தண்டனை பெற்ற ஒவ்வொருவருக்கும் தீர்ப்புத் தாள் இருந்தது; பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், குற்றப் பிரிவு, அங்க அடையாளம் கொண்ட விவரப் பட்டியல் அவரோடு கப்பலில் ஏறியது. அந்தத் தாள் தொடங்கிய இடம் தீவு அன்று. மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றம், மாகாணச் சிறை, மாகாண அரசின் நீதித்துறைக் கோப்பு ஆகியவற்றைக் கடந்துதான் அது போர்ட் பிளேர் சேர்ந்தது. போர்ட் பிளேரில் எரிந்தது தாளின் ஒரு முனை. மறுமுனைகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர்க் கோப்புகளிலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் நீதித்துறை நடவடிக்கைகளிலும், லண்டனில் இந்தியா ஆபீஸ் பதிவேடுகளிலும் தேடக் கிடைக்கின்றன. 1942இல் எல்லாம் போயிற்று என்ற வாக்கியத்தை இனி யாரும் இவ்வளவு எளிதாக எழுத முடியாது.

முகமது ஜாஃபர் தானேசரியின் வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1864இல் அம்பாலாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது தீவாந்தர தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1866இல் அந்தமான் சேர்ந்தார். அங்கே அல்மோராவைச் சேர்ந்த ஒரு பெண் கைதியை மணந்தார். விடுதலை பெற்று 1883இல் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அவர்களின் பிள்ளைகளுடைய வேர்களைக் காண ஒரு நீதிமன்றம் போதாது: தந்தைக்கு அம்பாலா, தாய்க்குக் குமாவோன் மலை. எந்த மக்கள்தொகை அட்டவணையும் இந்த இரண்டு ஊர்களை ஒரு கோட்டில் இணைக்காது.

கைதிகள் சாதியையும் தந்தை பெயரையும் இட்டுக்கட்டிச் சொன்னார்களே என்ற ஆட்சேபம் பழையது. சிலர் சொன்னார்கள். ஆனால் பிறந்த ஊரின் காவல் நிலையமும் சாட்சிகளும் அடையாளம் காட்டிய ஒருவர், தம் தந்தையின் பெயரை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லித் தப்பும் வாய்ப்பு மிகக் குறைவு. புனைவு நுழைந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகு, தீவில் அடுத்த தலைமுறை திருமணம் பேசும்போது. 1901ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய ரிச்சர்ட் டெம்பிளின் சாதிக் கணக்குகளுக்கு இந்த ஆட்சேபம் கூடுதலாகப் பொருந்தும். தீர்ப்புத் தாளுக்குக் குறைவாகவே பொருந்தும்.

கரேன்களோடு ஏறக்குறைய ஒரே காலத்தில், 1926இல், சால்வேஷன் ஆர்மியின் பொறுப்பில் ஐக்கிய மாகாணத்திலிருந்து வந்த பாந்துக்களின் நிலையும் இதை உறுதிசெய்கிறது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இவர்களைப் போன்ற சமூகங்களின் உறுப்பினர்களை மாவட்ட நிர்வாகம் பெயர் பெயராகப் பதிவு செய்து கைரேகை எடுத்தது. எவர்மீது சந்தேகம் வைத்ததோ அவரை அரசு நினைவில் வைத்துக்கொண்டது. எவரைத் தொழிலாளியாக மட்டும் கண்டதோ அவரைக் கூட்டிக் கழித்து மறந்தது. ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே தீவுக்கூட்டத்துக்கு வந்த இரண்டு சமூகங்கள் என்பதால் இந்த ஒப்பீடு வலுப்பெறுகிறது.

அப்படியானால் கரேன் குடும்பத்தை எங்கே தேடுவது? குடும்பப் பெயர் உதவாது. ஆணுக்குச் ‘சா’, பெண்ணுக்கு ‘நா’ என்று முன்னால் வருவது மரியாதைச் சொல். இனிஷியல் போலத் தந்தையைச் சுட்டும் பகுதி அதில் இல்லை. தேவாலயப் பதிவேடும் எச்சரிக்கையோடு படிக்கத் தக்கது: பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதில்லை, விவரம் தெரிந்து விசுவாசம் அறிக்கையிட்டவர்களுக்கே தருகிறார்கள். எனவே அந்தத் தேதியைப் பிறந்த தேதியாகக் கொண்டால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். மார்ஷலின் மிஷன் அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதால், அதன் கடிதப் போக்குவரத்து இப்போது அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க பாப்டிஸ்ட் வரலாற்றுக் கழகத்தில் தேடப்பட வேண்டியது. வேபியின் முதல் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்குமானால் அது தீவிலோ டெல்லியிலோ இருப்பதைவிட மிஷன் தாள்களுக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உள்ளூரில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, 1966ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைக்குப் பின் உருவான உரிமைப் பதிவேடுகள். பட்டா மாற்றத்தின்போது இறந்தவருக்கும் வாரிசுக்கும் உள்ள உறவு எழுத்தில் வந்துவிடுகிறது. இரண்டாவது, வாரிசுரிமை வழக்குகள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டமும், முதல் கரேன் குடும்பங்கள் வந்த அதே 1925ஆம் ஆண்டுக்குரியது. நீதிமன்றம் ஏறியவர்கள் மிகச் சிலர்தானே என்று கேட்கலாம். சிலர் போதும்: ஒரு வாரிசு வழக்கில் பெரியப்பா பிள்ளைகள்வரை பெயர் வருகிறது, தொட்டடுத்த மூன்று நான்கு வீடுகளின் கோடு அதில் விழுந்துவிடும்.

இந்தத் தேடல் காகித ஆர்வம் மட்டுமன்று. தீவுகளின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கரேன், பாந்து, மாப்பிளா சமூகங்களோடு ‘ப்ரீ-42’ என்று பேச்சில் வழங்கும் 1942க்கு முந்தைய குடியேறிகளும் இடம்பெறுகிறார்கள். அந்த ஆண்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சான்றிதழ் கோரும் இளைஞர் நிறுவ வேண்டியிருக்கிறது. எந்த நிகழ்வு தாள்களை அழித்ததோ அதே நிகழ்வுதான் கோடாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. 1941இல் 33,768 ஆக இருந்த தீவுகளின் மக்கள்தொகை 1951இல் 30,971 ஆகக் குறைந்தது. இந்த 2,797 பேரைப் போரில் மாண்டோர் எண்ணிக்கையாகவே வாசித்துவிடும் பழக்கமும் உண்டு. மாண்டவர், தாயகம் திரும்பியவர், பர்மாவுக்குப் போனவர், புதிதாக வந்தவர், பிறந்தவர் என ஐந்து வகையினரும் அந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கிறார்கள். அவர்களுள் வேபிக்காரர் எத்தனை பேர் என்பதை எந்தக் கூட்டுத்தொகையிலிருந்தும் கழித்துப் பெற முடியாது; மாயாபந்தர் வருவாய் அலுவலகத்தின் பட்டா மாற்றப் பதிவுகளை மிஷன் தாள்களோடு வீடு வீடாக ஒப்பிட்டால்தான் கணக்கைத் தொடங்கவே முடியும்.