ஜனாதிபதியின் குடலில் ஒரு காளான்

1985, ஜூலை 13. அமெரிக்க ஜனாதிபதி ரீகன், துணை ஜனாதிபதி புஷ்ஷிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். சுமார் எட்டு மணி நேரத்துக்கு புஷ்தான் ஜனாதிபதி! காரணம்? பெருங்குடலில் காளான் மாதிரி முளைத்திருந்த 'பாலிப்' என்கிற சதை வளர்ச்சி. வயிற்றைக் கிழித்து இரண்டடிக் குடலையே வெட்டி எடுத்தார்கள். பாலிப்புக்குள் புற்றுநோய் ஒளிந்திருந்தது!

இத்தனைக்கும் 1969-லேயே நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற ஜப்பானிய டாக்டர், கொலோனாஸ்கோப் குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கை அனுப்பி, மின்சாரத்தால் பாலிப்பை அறுத்துக் காட்டிவிட்டார். ஆனால், காம்போடு தொங்கினால் சுருக்கு சுலபமாக மாட்டும். பெரிதாகப் படர்ந்து கிடந்தால்? குடலில் ஓட்டை விழுந்துவிடுமே!

அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றினால் பாலிப் கொப்புளம் போல் மேலெழும். பிறகு துண்டு துண்டாக அறுக்கலாம். இந்த உத்தி மெள்ளப் பரவியது. ஒரே தலைவலி, ஓரத்தில் துளி மிச்சமிருந்தாலும் மறுபடி முளைக்கும். ஆஸ்திரேலிய டாக்டர்கள் 390 பேரிடம் சோதித்து 2019-ல் விடை சொன்னார்கள். அறுத்த இடத்தின் ஓரத்தைச் சுட்டுவிட்டால், மறுபடி முளைப்பது 21 சதவிகிதத்திலிருந்து 5-ஆகக் குறைகிறதாம்.

புற்றுநோய் ஆழமாக இறங்கிவிட்டால் இன்றைக்கும் கத்திதான். ரீகனுக்குச் சரியான நேரத்தில் பார்த்துவிட்டார்கள். 2004-ல் இறந்தபோது அவருக்கு வயசு 93!