ஏறுவரிசை முதல் தற்செயல் வரை: ஆர்ப்பெஜியேட்டர் முறைகளின் வளர்ச்சி

அழுத்திப் பிடித்த கார்டின் சுரங்களைச் சீரான தாளத்தில் ஒவ்வொன்றாக ஒலிப்பது ஆர்ப்பெஜியேட்டரின் வேலை. எந்தச் சுரத்தை அடுத்து எது தொடரும் என்பதை அதன் ‘மோட்’ தீர்மானிக்கிறது. மென்பொருள் சிந்தசைசர்களில் பரவலாகக் காணப்படும் ஏறுவரிசை, இறங்குவரிசை, ஏறியிறங்கல், தற்செயல் ஆகிய நான்கும் இசை மரபைவிட நுண்செயலியின் இயல்புக்கே அதிகம் கடன்பட்டவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கார்டைப் பிரித்து வாசிக்கும் உத்தி பழையது. பாக் 1722இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ நூலின் முதல் பிரிலூட் ஏறத்தாழ முழுவதும் அவ்வாறே அமைந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பியானோ இசையில் பெருவழக்காக இருந்த ‘அல்பெர்ட்டி பேஸ்’ கீழ், மேல், நடு, மேல் எனச் செல்லும். நம் சுரங்களில் ச-ப-க-ப. மேற்சொன்ன நான்கு முறைகளில் எதுவும் இவ்வரிசையைத் தராது.

காரணம் விசைப்பலகைக்குள் இருக்கிறது. ரோலண்டின் ஜூபிடர்-4 (1978) இந்நான்கையும் கொண்டிருந்தது. ஜூபிடர்-8 (1981) அதைத் தொடர்ந்தது. ஜூனோ-60 (1982) தற்செயலைக் கைவிட்டது. இத்தகைய கருவிகளில் நுண்செயலி விசைகளை இட வரிசையில் திரும்பத் திரும்பத் துருவிப் பார்க்கும். எனவே சுருதி வரிசை உழைப்பின்றிக் கிடைத்தது. எந்த விசை முதலில் அழுந்தியது என்பதைத்தான் தனியே நினைவில் வைக்க வேண்டியிருந்தது. டுரான் டுரானின் ‘ரியோ’ (1982) பாடலில் மினுங்குவது ஜூபிடர்-4இன் தற்செயல் முறையே.

1983இல் கருவிகளை இணைக்கும் மிடி நெறிமுறை வந்தது, சீக்வென்சர்கள் பெருகின, ஆர்ப்பெஜியேட்டர் பின்தள்ளப்பட்டது. அவ்வாண்டின் யமஹா டிஎக்ஸ்7இலும், அடுத்த ஆண்டின் ஜூனோ-106இலும் ஆர்ப்பெஜியேட்டர் இல்லை.

மென்பொருளில் சுர வரிசையின் நிலைமை தலைகீழானது. மிடியில் விசைச் செய்திகள் அழுத்திய வரிசையிலேயே வந்து சேர்கின்றன. ஆகவே ‘வாசித்த வரிசை’ முறை எளிதாயிற்று. ஏறுவரிசைக்குத்தான் சுரங்களை அடுக்க வேண்டும். நினைவகமும் தாராளம் என்பதால் முறைகள் பெருகின. இசை மென்பொருளான ஏபிள்டன் லைவின் ‘பிங்கி அப்’ முறை ஒவ்வொரு சுரத்துக்கும் பின் உச்சச் சுரத்தை இசைக்கிறது. ச-க-ப பிடித்தால் ச-ப-க-ப வரும். அல்பெர்ட்டியின் வடிவம் ஒருவழியாகப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது! தற்செயலும் அதில் மூன்றாகக் கிளைத்தது: கட்டற்றது ஒன்று; எல்லாச் சுரமும் ஒலிக்கும்வரை எதையும் திரும்ப இசைக்காதது மற்றொன்று; ஒருமுறை கலைத்த வரிசையையே சுழற்றுவது மூன்றாவது. பாடலுக்குள் பயன்படுத்த மூன்றாவதே உகந்தது என்பேன், கேட்பவர் காதில் அது மெட்டாகப் பதிவதால்.

ஆயினும் அதிகக் குழப்பம் தருவது சாதாரண ஏறியிறங்கல்தான். முனைச் சுரங்களை இரட்டிக்காவிட்டால் ச-க-ப என்பது ச-க-ப-க என 4 அடிகளில் சுழலும். இரட்டித்தால் ச-க-ப-ப-க-ச என 6 அடிகள். 16 பதினாறாம் பங்குச் சுரங்கள் கொண்ட ஒரு தாளச் சுற்றில் முன்னது சரியாக அடங்கும், பின்னது வழுகிச் செல்லும். நான்கு சுரக் கார்டில் இது மாறிவிடுகிறது: இரட்டிக்காதது 6, இரட்டித்தது 8. லைவ் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தருகிறது. ஒரே பெயரில் எதையாவது ஒன்றை மட்டும் தரும் மென்பொருள்களும் உண்டு. ஒன்றில் அமைத்த இசையை வேறொன்றுக்கு மாற்றுவோர் முதலில் மூன்று சுரங்களைப் பிடித்து, சுழற்சி எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.