கீழூர்ல 178 ஓட்டு

கோலியனூர் கூட்டு ரோட்டுல பாண்டிச்சேரி பஸ் ஏறுங்க. வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்தா புதுச்சேரி. திருபுவனையும் புதுச்சேரிதான். அடுத்து கண்டமங்கலம், மறுபடியும் தமிழ்நாடு! அரியூர்ல திரும்பவும் புதுச்சேரி. ஒரே ரோட்டுல மூணு தடவை எல்லை தாண்டுறோம். நடுவுல மலையோ கடலோ கிடையாது, வயக்காடுதான்.

இந்தக் கோட்டை யாரும் ஸ்கேல் வெச்சுப் போடலை. 1749-ல் சந்தா சாகிப், தனக்குப் படை உதவி செஞ்ச பிரெஞ்சுக்காரங்களுக்கு வில்லியனூர், பாகூர் பகுதி ஊர்களைக் கொடுத்தார். அப்புறம் போர்ல கைமாறி, 1783 வெர்சாய் ஒப்பந்தத்துல அந்த ரெண்டு பகுதியும் பேர் சொல்லித் திரும்பக் கிடைச்சது. அவங்க வாங்கினது வரி வர்ற ஊர்களை. அதனால எல்லையும் ஊர் ஊராத்தான் ஓடுது.

அந்த எல்லையோரத்துல ஒரு சின்ன ஊர் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்னைக்கு, பிரெஞ்சுப் பகுதிகளோட தலையெழுத்து அங்கேதான் முடிவாச்சு. ஓட்டுப் போட்டவங்க மொத்தம் 178 பேர். எல்லாரும் சட்டசபை, நகரசபை உறுப்பினர்கள். இந்தியாவோட சேர 170, வேண்டாம்னு 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சு.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். மக்களே முடிவு பண்ணட்டும்னு இந்தியாவும் பிரான்சும் 1948-லேயே ஒத்துக்கிட்டாங்க. வங்காளத்துல இருந்த சந்தர்நகர்ல 1949-ல் ஜனங்க நேரடியா ஓட்டுப் போட்டாங்க. மதகடிப்பட்டு விவசாயிக்கு அது கிடைக்கலை. கேட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா கேட்டிருக்கணும் இல்லையா?

தனி மனுஷங்களைக் கேட்டது 1962-ல்தான். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம், ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி அமலுக்கு வந்தது. அந்த மண்ணுல பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஆறு மாசம் டைம். பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா எழுதிக் கொடுக்கணும். சும்மா இருந்தா இந்தியக் குடிமகன். நம்ம பாஷையில சொன்னா, டீஃபால்ட் செட்டிங் இந்தியா. எழுதிக் கொடுத்த குடும்பங்கள்ல இன்னைக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் உண்டு. பக்கத்து வீட்ல ஆதார் மட்டும்.

கீழூர்ல ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. ஆகஸ்ட் 15-ல் ஊரெல்லாம் கொடியேத்துது. மறுநாள் 16-ல் கீழூர்ல இன்னொரு தடவை ஏத்துறாங்க. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, வில்லியனூர்ல இறங்கி ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.