வீட்டுக்காரனைக் காத்த மருந்து - அசைக்ளோவிரின் வரலாறு

பாக்டீரியாக்களைக் கொல்லும் பென்சிலின் 1940களிலேயே மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. ஆனால் வைரசை அடக்கும் நல்ல மருந்துக்காக மருத்துவ உலகம் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பாக்டீரியா ஒரு தனி உயிர். வைரஸ் அப்படியல்ல. அது மனித செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக் கொள்கிறது. திருடனை அடிக்கப் போனால் வீட்டுக்காரனுக்கும் அடி விழும் என்ற நிலை. அந்த அடி வீட்டுக்காரன் மேல் விழாமல் பார்த்துக் கொண்ட கதைதான் ஹெர்பிஸ் மருந்துகளின் வரலாறு.

உறங்கும் வைரஸ்

உதட்டோரக் கொப்புளங்களுக்கும் பிறப்புறுப்புப் புண்களுக்கும் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். சின்னம்மையும் அக்கியும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரசால் வருகின்றன. இவை ஒருமுறை உடலுக்குள் நுழைந்தால் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து உறங்கும். உடல் தளரும்போது விழித்தெழும். பெரும்பாலும் இவை உயிருக்கு ஆபத்தானவை அல்ல. ஆனால் அரிதாகச் சிலருக்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் மூளையைத் தாக்கும். சிகிச்சை இல்லாத காலத்தில் அப்படித் தாக்கப்பட்ட பத்துப் பேரில் ஏழு பேர் இறந்தார்கள்.

தோற்றுப்போன மருந்துகள்

1959ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃப் என்பவர் ஐடாக்சியூரிடின் என்ற பொருளை உருவாக்கினார். அவர் தேடியது புற்றுநோய்க்கான மருந்து. 1962ல் ஹெர்பர்ட் காஃப்மன் என்ற கண் மருத்துவர், கண்ணில் வரும் ஹெர்பிசை இந்த மருந்து குணப்படுத்துவதைக் காட்டினார். கண்ணில் சொட்டாக விட்டபோது அது நன்றாகவே வேலை செய்தது.

இதைக் கண்ட மருத்துவர்கள், மூளையில் ஹெர்பிஸ் வந்தவர்களுக்கு அதையே ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். விளைவு விபரீதமானது. மருந்து வைரசோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்கியது. 1975ல் வெளியான ஆய்வு முடிவு, அது பலன் தரவில்லை, நச்சுத்தன்மையும் ஏற்கத்தக்க அளவில் இல்லை என்று சொன்னது. அதற்கு முன்பே 1973ல் இன்னொரு பாடம் கிடைத்திருந்தது. உடலெங்கும் பரவிய அக்கிக்கு சைட்டராபின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, வெறும் போலி மருந்து பெற்றவர்களே மேலாக இருந்தார்கள்.

1977ல் விடராபின் என்ற மருந்து, மூளை ஹெர்பிசில் இறப்பை 70 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் குறைத்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது எளிதில் கரையாது. அதைச் செலுத்த நிறைய திரவம் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே மூளை வீங்கியிருக்கும் நோயாளிக்கு அதுவே ஆபத்து.

வைரசே போட்டுக்கொண்ட சுருக்கு

அதே 1977ல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ட்ரூட் எலியனும் ஹோவர்ட் ஷேஃபரும் உள்ளிட்ட குழுவினர் அசைக்ளோவிரைப் பற்றி உலகுக்கு அறிவித்தார்கள். இதன் சூட்சுமம் அழகானது. இந்த மருந்து செல்லுக்குள் போகும்போது செயலற்றுக் கிடக்கும். அதை முதலில் தட்டி எழுப்புவது ஹெர்பிஸ் வைரஸ் தானே தயாரிக்கும் ஒரு நொதி. எழுந்த மருந்து, வைரஸ் பின்னிக்கொண்டிருக்கும் டி.என்.ஏ. சங்கிலியில் ஒரு கண்ணியாகப் போய் மாட்டிக்கொள்ளும். அடுத்த கண்ணியை மாட்ட அதில் கொக்கி இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். வைரஸ் இல்லாத செல்லில் மருந்து ஏறக்குறைய தூங்கியபடியே இருக்கும். எழுப்பப்பட்ட மருந்தின் அளவு, நோயுற்ற செல்களில் 40 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது.

1984ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், மூளை ஹெர்பிஸ் நோயாளிகளில் விடராபின் பெற்றவர்களில் 50 சதவீதம் பேர் இறந்தார்கள். அசைக்ளோவிர் பெற்றவர்களில் 19 சதவீதம் பேர். 1986ல் வெளியான அமெரிக்க ஆய்வும் இதையே உறுதி செய்தது. முனைவர் பட்டம் பெறாத எலியன், 1988ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

பாதுகாப்புக்கும் நிபந்தனை உண்டு

பாதுகாப்பான மருந்து என்றால் கவனமே வேண்டாம் என்று பொருளல்ல. அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. ஊசியில் வேகமாக ஏற்றினாலோ உடலில் நீர் குறைந்திருந்தாலோ அது சிறுநீரகத்தில் படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு அளவைக் குறைக்காவிட்டால் மருந்து உடலில் தேங்கி, குழப்பமும் பிதற்றலும் வரலாம். சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். கர்ப்பிணிகள் பற்றி 1984 முதல் 1999 வரை தகவல் திரட்டப்பட்டது. பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் மருத்துவர் சொல்லியே எடுக்க வேண்டும்.

காலமும் முக்கியம். அக்கிக்கு இந்த மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. தமிழகத்துக் கிராமங்களில் அக்கிக்குக் காவி எழுதும் வழக்கம் உண்டு. கொப்புளம் சில வாரங்களில் தானே ஆறிவிடுவதால் எழுதியதால்தான் ஆறியது என்று தோன்றும். ஆனால் மருந்துக்குரிய அந்த மூன்று நாள் போனால் திரும்பி வராது. வயதானவர்களுக்கு அதன்பின் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கவும் கூடும்.

உறங்கும் வைரசை அசைக்ளோவிராலும் அழிக்க முடியாது. விழித்தெழுந்து பெருகும்போது அடக்கத்தான் முடியும். ஆனால் வைரசைத் தாக்கி மனிதனை விட்டுவிடவும் ஒரு மருந்தால் முடியும் என்பதை அது நிரூபித்தது. பின்னால் வந்த வைரஸ் மருந்துகள் பலவற்றுக்கும் அந்த நம்பிக்கையே வழி திறந்தது.