திறந்திருந்த கதவு

லண்டனில் ஆஸ்டியோபதி படிக்கச் சேர்ந்தேன் என்றதும் அம்மா கேட்டார்: "டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கலையா? முதுகு நீவி விடவா நாலு வருஷப் படிப்பு?" உடற்கூறியல், உடலியங்கியல், நோயறிதல் என்று பாடங்களை அடுக்கினேன். அவர் முகம் மாறவில்லை. 'முறையான' மருத்துவம் ஒன்று, அதற்கு வெளியே மற்றவை என்ற அந்தக் கோடு எனக்கு வெகு காலம் முன்பே போடப்பட்டது. கோட்டுக்கு வெளியே பெண்கள் எப்படி வந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்து, கைகளால் எலும்பையும் தசையையும் சீர்செய்யும் முறையை உருவாக்கினார். 1892இல் அங்கே பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்கள் இருந்தார்கள். ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்த்தது 1945இல்தான்.

அந்த முதல் வகுப்பில் படித்தவர் ஜெனெட் ஹப்பார்ட் போல்ஸ். பட்டம் பெற்று அங்கேயே உடற்கூறியல் கற்பித்தார். பிறகு டென்வருக்குப் போய் ஆஸ்டியோபதி கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். பெரிய கல்லூரிகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் இந்தச் சிறிய கதவு திறந்திருந்தது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மெல்ல மெல்ல முழு மருத்துவமாக அங்கீகாரம் பெற்றது. 1973க்குள் எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. அந்தஸ்து ஏறிய அதே பல ஆண்டுகளில் வகுப்பறையில் பெண்கள் மிகவும் குறைந்துபோனார்கள். மற்ற மருத்துவக் கல்லூரிகளிலும் அதே நிலைதான். 1970களுக்குப் பிறகே மீண்டும் எண்ணிக்கை கூடியது. மதிப்பில்லாத இடத்தில் நமக்கு இடம் உண்டு. மதிப்பு வந்ததும் இடம் சுருங்குகிறது. நெசவு, சமையல், பிரசவம் என்று எத்தனை தொழில்களில் இதைப் பார்த்திருக்கிறோம்!

பிரிட்டனின் வழி வேறு. 1917இல் லண்டனில் பள்ளி தொடங்கியது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, பதிவு பெறாதவர் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வது இன்று குற்றம். அங்கே இது மருத்துவர் பட்டம் அல்ல; மருத்துவத்துக்குத் துணை நிற்கும் தொழில்.

கதவு திறந்திருந்தது என்பதற்காக உள்ளே சொன்னதெல்லாம் உண்மையாகிவிடாது. முதுகெலும்பின் கோளாறே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற ஸ்டிலின் கொள்கையை நான் ஏற்கவில்லை. இடுப்புவலிக்கு உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கைச்சிகிச்சை உதவலாம். பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதலும் அந்த அளவில்தான் சொல்கிறது. பெண்களின் வலியை "மனப்பிரமை" என்று ஒதுக்கியது ஒரு அநியாயம். அந்த வலியை வைத்துப் பொய்யான நம்பிக்கை விற்பது இன்னொன்று.

அம்மாவிடம் இப்போது இப்படித்தான் சொல்கிறேன்: "நான் டாக்டர் இல்லம்மா. தொடறதுக்கு முன்னாடி அனுமதி கேப்பேன். வலிக்குதுன்னு சொன்னா நம்புவேன். என் கைக்கு மிஞ்சினதுன்னா டாக்டர்கிட்ட அனுப்புவேன்."



"அதுக்கு நாலு வருஷம் வேணும்தான்" என்றார்.