முத்துச் சலாபமும் காலரா ஊசியும்

தூத்துக்குடி என்றதும் நம் நினைவுக்கு வருவது முத்து. ஆனால் முத்துக்காக மக்கள் கூடிய கடற்கரையில் கொள்ளைநோய்க்கும் இடமிருந்தது என்பதைப் பலர் அறியார்.

முத்துக் குளிப்புக்குச் 'சலாபம்' என்று பெயர். சலாபம் நடக்கும் நாட்களில் வெறும் மணல் திட்டில் ஓர் ஊரே எழுந்துவிடும். குளியாட்கள், தோணிக்காரர்கள், வணிகர்கள், கடைக்காரர்கள் என ஆயிரக்கணக்கானோர் கூடுவர். நல்ல குடிநீரோ குறைவு. முத்தெடுப்பதற்காக அழுகவிட்ட சிப்பிக் குவியல்களில் ஈ மொய்க்கும். காலரா, நோயாளியின் கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. ஒருவருக்குக் கண்டாலும் முகாம் முழுவதற்கும் ஆபத்து. முகாம் கலையும்போது கிருமியும் ஊர் ஊராகப் பயணம் போகும்.

துறைமுகத்திலும் இதே கவலைதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தொழிலாளர்கள் அருகிலுள்ள தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைக்கப்பட்டனர். 1914-இல் தனுஷ்கோடி-தலைமன்னார் வழி திறந்தபின் அப்பணி மண்டபம் முகாமுக்கு மாறியது. மனிதரை நிறுத்திவைப்பதைவிட ஊசி போட்டு அனுப்புவது எளிதல்லவா? ஆனால் ஊசி உண்மையிலேயே காக்கிறதா என்று எப்படி அறிவது?

இக்கேள்வியுடன் 1893-இல் இந்தியா வந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். அதற்கு முந்திய ஆண்டு பாரிசில், தாம் தயாரித்த காலரா தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தவர். 1894-இல் கல்கத்தாவின் ஒரு குடிசைப் பகுதியில் காலரா பரவியது. அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் 10 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் 7 பேர் மாண்டனர். பத்துப் பேருமே ஊசி போடாதவர்கள்!

இத்துடன் ஐயம் தீர்ந்ததா? சற்றுச் சிந்தியுங்கள். தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் இயல்பாகவே எச்சரிக்கை மிக்கவர்களாக இருந்திருக்கலாம். நீரைக் காய்ச்சிக் குடித்திருக்கலாம். அப்படியானால் அவர்களைக் காத்தது ஊசியா, பழக்கமா?

இச்சிக்கலைத் தீர்க்கும் வழி, ஆட்களைத் தேர்ந்தெடுக்காமல் பிரிப்பதே. பின்னர் பம்பாயில் பிளேக் பரவியபோது, உமர்காடி சிறையில் கைதிகளை வரிசையாக உட்காரவைத்து ஒருவர் விட்டு ஒருவருக்கு ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசி போட்டார். உணவும் நீரும் உறைவிடமும் எல்லோருக்கும் ஒன்றே. எனவே நோய்க் கணக்கில் வேறுபாடு தோன்றினால், அதற்கு ஊசியே காரணம் எனத் துணிந்து கூறலாம். ஆனால் கைதி ஒருவர் 'வேண்டாம்' என்று மறுக்க முடியுமா? இன்று ஆய்வுக்கு உட்படுவோரின் மனமுவந்த சம்மதம் கட்டாயம்.

1960-களில் கல்கத்தா, கிழக்குப் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் காலரா ஊசியை மீண்டும் சோதித்தனர். ஒப்பீட்டுக் குழுவினரைச் சில ஆய்வுகளில் வெறுங்கையுடன் விடவில்லை. டைபாய்டு ஊசி போன்ற வேறொன்றைப் போட்டனர். கிடைத்த விடை ஏமாற்றமே: அந்நாளைய ஊசி பாதியளவு பாதுகாப்பையே தந்தது, அதுவும் சில மாதங்களுக்குத்தான். ஆகவே பயணிகளிடம் காலரா ஊசிச் சான்றிதழ் கேட்கும் சர்வதேச விதியை 1973-இல் உலக சுகாதாரப் பேரவை கைவிட்டது. நேர்மையான சோதனை, ஊசியின் எல்லையையும் காட்டிவிட்டது.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். காலராவின் ஏழாவது உலகப் பரவல் இந்தோனேசியாவில் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பின்னர் 2020-இல் கோவிட் பரவியபோது, இந்தியாவில் கோவாக்சின் ஊசியைச் சுமார் 25,800 பேரிடம் சோதித்தனர். பாதிப் பேருக்கு மருந்தில்லாப் போலி ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

எனவே, புதிய ஊசி ஒன்றின் செய்தியைப் படிக்கும்போது, 'எத்தனை பேர் பிழைத்தனர்?' என்று மட்டும் கேட்காதீர்கள், 'யாருடன் ஒப்பிட்டனர்?' என்றும் கேளுங்கள்.